மூக்கு ஒடியாமல் தாமரை பிரிக்கலாம்!

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, மூன்றடி அகலத்தில் ஒரு சிமெண்ட் உறை இருக்கிறது. கிணற்றில் இறக்கியது போக மிச்சமானது. கொத்தனாரை விட்டு அடியில் தளம் போட்டுத் தொட்டியாக்கிக் கொண்டோம். 2014-ஆம் வருஷம் என் மாமியார் தம் பிறந்த ஊர்க் குளத்திலிருந்து ஒரு முழத் தாமரைக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து அதில் நட்டார். அந்தக் குளம் இப்போது இல்லை. தூர்த்து, மனை போட்டு, வீடுகளும் வந்துவிட்டன. குளத்தின் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் உறைத் தொட்டி ஒன்றுதான்.

முதல் நாலைந்து வருஷம் பூவென்றால் பூ, அப்படிப் பூத்தது. பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரை வெள்ளிக்கிழமைப் பூஜைக்குக் கடையில் பூ வாங்கியதில்லை. அப்புறம் குறைய ஆரம்பித்தது. 2020-இல் மொத்தம் மூன்றே பூ. 2021-இல் அதுவும் இல்லை. வெறும் இலை, அதுவும் தோசைக்கல் அகலத்துக்கு வந்த இலை சின்னத் தட்டு அகலமாகச் சுருங்கிவிட்டது. அத்தை தினமும் காலையில் காபி டம்ளரும் கையுமாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லமாட்டார். ஏதாவது சொன்னாலாவது தேவலையே என்றிருக்கும் எனக்கு.

"நர்சரியில புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். ஆண்களுக்கு எல்லாமே சுலபம்!

செடிக்கு வியாதி ஒன்றுமில்லை. இடநெருக்கடிதான். தாமரைக் கிழங்கு கருணைக்கிழங்கு மாதிரி ஒரே இடத்தில் உருண்டு பருப்பதில்லை. சேற்றுக்குள் படுக்கையாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, ஒரு கொத்து வேர், அதை ஒட்டி மொட்டு. குளமென்றால் கஜக்கணக்கில் ஓடலாம். மூன்றடி உறையில் எங்கே போகும்? சுவரில் முட்டி, சுவரோடு திரும்பி, முறுக்குச் சுற்றின மாதிரி சுற்றிச் சுற்றி வந்து தன் மேலேயே தான் ஏறிக்கொள்கிறது. சேற்றிலிருந்த சத்தும் தீர்ந்துவிடுகிறது. அப்போது செடி உயிரோடிருக்கும், பூக்காது. தொட்டித் தாமரையை வருஷத்துக்கு ஒரு தரம், போனால் போகிறது என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், பிரித்து நட்டே ஆகவேண்டும். நாங்கள் ஏழு வருஷம் தொடாமலே இருந்தோம்! தொட்டால் பட்டுப்போய்விடுமோ என்ற பயம்தான்.

பூக்கவில்லை என்றதும் உடனே கத்தியை எடுத்துவிடாதீர்கள். முதலில் வெயில் இருக்கிறதா என்று பாருங்கள். தாமரைக்கு நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். தொட்டி வைத்தபோது இடுப்பளவு இருந்த பக்கத்து வீட்டு முருங்கை இப்போது கூரைக்கு மேலே போயிருக்கும். நாம் கவனித்திருக்கமாட்டோம். நிழல்தான் காரணமென்றால் எத்தனை தரம் பிரித்து நட்டாலும் பூக்காது. வெயில் நன்றாக விழுந்தும் இலை சிறுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கையை விட்டால் விரல் நுழையாத அளவுக்குக் கிழங்கும் வேரும் அடைத்துக் கிடந்தால் அதுதான் பிரிக்கவேண்டிய வேளை. அல்லியில் இன்னும் சுலபமாகத் தெரியும். அல்லி இலை தண்ணீர் மேல் படுத்துத்தான் மிதக்கவேண்டும். இடமில்லாமல் இலைகள் தண்ணீருக்கு மேலே எழும்பி நின்றால் செடி உங்களிடம் இடம் கேட்கிறது என்று அர்த்தம்.

2022 மாசியில் துணிந்து இறங்கினேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு பெண் பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்து, புட்டுத் தட்டுவது போல் மண்ணோடு செடியை எடுத்து, ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிட்டாள். மூன்றடி உறையைச் சேறோடு கவிழ்க்க யானைதான் வரவேண்டும்! ஆகவே கையை விட்டு, அகப்பட்ட கிழங்கைப் பிடித்து, பலம் கொண்டமட்டும் இழுத்தேன். சுலபமாகத்தான் வந்தது. பட்பட்டென்று முறிந்து முறிந்து வந்தது. அதில் பருமனாகப் பார்த்து ஐந்து துண்டு எடுத்து, உறையில் ஒன்றும் நான்கு டப்புகளில் நான்குமாக நட்டேன். இருபது நாள் கழித்துப் பார்த்தால் நான்கு டப்பிலும் தண்ணீர் நாறுகிறது. தோண்டினால் கிழங்கு கூழாகக் கரைகிறது. உறையில் போட்ட ஒன்று மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு இலையை விட்டது.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் குளத்தை இன்னொரு தரம் தூர்த்தது நான்தானோ என்று மனசு அடித்துக்கொண்டது. அத்தை என்ன செய்தார் தெரியுமா? நான் பிடுங்கிய அன்றே, குப்பைக்கென்று ஒதுக்கிய முறிந்த கிழங்குகளையெல்லாம் அலம்பி, வட்டவட்டமாக அரிந்து, உப்பு மோரில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் உலர்த்தியிருந்தார். "உடைச்சதை வீணாக்குவானேன்" என்றார், அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க வத்தக்குழம்பு வைக்கும்போதெல்லாம் அந்த வற்றல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

உண்மையில் என்ன தப்பு என்று எனக்குச் சொன்னவர் வாரா வாரம் தாமரைப்பூ கொண்டுவந்து கோயில் வாசலில் விற்கிற பெரியவர். குளத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூப் பறிக்கிறவர். தாமரைத் தண்டில் இருக்கிற பொடி முள் கிழித்துக் கிழித்து அவர் முழங்கை இரண்டும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூக்கு இருந்திச்சாம்மா?"

கிழங்கின் நுனியில் வெள்ளையாக, கூராக, பல் முளைத்தாற்போல் நிற்கிற குருத்துத்தான் மூக்கு. அங்கிருந்துதான் அடுத்த கணுவும் இலையும் புறப்படவேண்டும். வெள்ளரிப்பிஞ்சை விடச் சுளுவாக ஒடியும். அது ஒடிந்து, பக்கக் குருத்தும் இல்லாத துண்டாக இருந்தால் நட்டுப் பிரயோஜனமில்லை. எத்தனை பருத்திருந்தாலும் அழுகத்தான் செய்யும். நான் பருமன் பார்த்துப் பொறுக்கினேனே ஒழிய மூக்கைப் பார்க்கவே இல்லை. பிழைத்த அந்த ஒன்றில் தற்செயலாக மூக்கு இருந்திருக்கிறது!

"மூக்கு ஒடஞ்சா முடிஞ்சு போச்சு. குழந்தை தலையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும்" என்றார். அடுத்த மாசிக்கு நாள் குறித்துக்கொண்டேன்.

பிரிக்கிற முறை

மாசி, பங்குனிதான் நமக்குச் சரியான காலம். மார்கழிக் குளிரில் செடி அடங்கிக் கிடக்கும். கிழங்கில் சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வெயில் ஏற ஆரம்பித்ததும் கிளம்பப் பார்க்கும். அந்தச் சமயத்தில் பிரித்தால் வெட்டின காயம் தெரியாமல் ஓடிவிடும். கோடை நடுவில் ஓடுகிற கிழங்கு பென்சில் மாதிரி மெலிசாக இருக்கும். அப்போது கை வைத்தால் ஒடிகிறதுதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்தாலோ வெயில் இல்லாமல் அழுகும்.

மீன் இருந்தால் அதே தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்து நிழலில் வையுங்கள். தொட்டித் தண்ணீரை மொண்டு வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், சாக்கடையில் விடாதீர்கள், அது நல்ல உரத்தண்ணீர். சேற்றில் இறங்குமுன் கையில் காயம், நகச்சுற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் காயத்தின் வழியாக எலிக்காய்ச்சல் வரும். சின்னக் காயம்தானே என்று இருந்துவிடக்கூடாது.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். இழுக்கவே கூடாது. பிளாஸ்டிக் டப் என்றால் இரண்டு பேராகச் சாய்த்து மண்ணோடு சரித்துவிடலாம். பெரிய தொட்டியென்றால் சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். மூக்குகள் எல்லாம் சுவரை முட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டே, விரலால் தடவிக்கொண்டே போகவேண்டும். கிழங்கு தட்டுப்பட்டால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கையும் போகவேண்டும். சிக்கு விழுந்த தலைமுடியை நுனியிலிருந்து பிரிப்போமே, அதே வித்தைதான். ஒரு சுற்று விடுபட்டதும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்து, தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் மிதக்கவிடுங்கள். காற்றில் கிடந்து உலரக்கூடாது. எனக்கு இந்த வேலைக்கு மட்டும் காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை ஆயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனால் பதினாலு மூக்கு முழுசாகக் கிடைத்தது.

நடுவதற்கு எடுக்கிற துண்டில் மூக்கோடு சேர்த்து இரண்டு அல்லது மூன்று கணு இருக்கட்டும். கத்தி கூராக இருக்கவேண்டும். கிழங்குக்குள் நீளத்துக்கும் துவாரங்கள் ஓடுகின்றன அல்லவா, கணு என்பது அந்தத் துவாரங்களுக்குக் கதவு மாதிரி. ஆகவே கடைசிக் கணு முழுசாகத் துண்டோடு இருக்கும்படி, அதைத் தாண்டி ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் சேறு உள்ளே புகுந்து அழுகும். வெட்டும்போது சிலந்தி இழை மாதிரி நூல் நூலாக வரும், பயப்படவேண்டாம். தண்டிலும் அந்த நூல் உண்டு. தாமரைத் தண்டுத் திரி என்று விளக்குக்கு விற்கிறார்களே, அது தண்டின் நாரில் திரிப்பதுதான். பழைய இலையில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் நுனி தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி விடுங்கள். தண்டும் துவாரமுள்ளதுதான். தண்ணீருக்குள் முங்கும்படி அறுத்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

தொட்டி வட்டமாக இருப்பது நல்லது. சதுரத் தொட்டியில் மூக்கு மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நின்றுவிடும். அடியில் ஓட்டை இருக்கக்கூடாது. ஒன்றரை, இரண்டடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள டப் ஒரு துண்டுக்குப் போதும். உறையில் நான் இரண்டு வைத்தேன், அதுவே அதிகம் என்றார் பெரியவர். மண்ணுக்கு வயல் களியோ ஆற்று வண்டலோதான் வேண்டும். நர்சரியில் பையில் விற்கிற தேங்காய்நார்க் கலவையெல்லாம் இதற்கு ஆகாது. தண்ணீர் விட்டதும் மிதந்து மேலே வந்துவிடும். அடியில் ஒரு வருஷம் மக்கின சாணி எரு ஒரு பாண்டுச் சட்டி, எலும்புத்தூள் இரண்டு கைப்பிடி. இது உறைக்குச் சொன்ன கணக்கு, டப்புக்கு இதில் கால் பங்கு போதும். அதன் மேல் அரை அடிக்குக் குறையாமல் மண். பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்றாதீர்கள். தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், கிழங்கும் வெந்துபோகும்.

மண்ணில் விரலால் வாய்க்கால் மாதிரி கீறி, துண்டைச் சாய்வாகப் படுக்கவையுங்கள். வெட்டின வாய் சுவர்ப் பக்கம், மூக்கு தொட்டியின் நடுவைப் பார்த்து, மண்ணுக்கு மேலே சற்றே தலை தூக்கினாற்போல். வால் பக்கம் மண்ணை மூடி ஒரு கல்லைப் பாரமாக வைத்தால் மிதக்காது. மேலே ஒரு வாழையிலையைப் பரப்பி அதன் மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினால் சேறு கலங்காது. முதலில் மண்ணுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும். அப்போதுதான் வெயில் உள்ளே இறங்கி மண் வெதுவெதுப்பாக இருக்கும். இலை எழும்ப எழும்பத் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டே போங்கள். நட்ட உடனே ரசாயன உரம் எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற இலை இரண்டு மூன்று வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அல்லியும் மற்றதும்

அல்லிக்கு இத்தனை பாடில்லை. தொட்டியைச் சரித்து முழுச்செடியையும் எடுத்து அலம்பினால் தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலதில் கொட்டைப்பாக்கு அளவில் சின்னச் சின்னக் கிழங்காக இருக்கும். குட்டிகளைத் தனியாக்கி, கறுத்துப்போன பழைய வேரை நறுக்கிவிட்டு, இரண்டு மூன்று இளம் இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தொட்டி நடுவில் குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவேண்டும். குருத்தை மண் மூடினால் செடி போச்சு. இன்னொரு வகை அல்லி இருக்கிறது, அது இலையிலேயே குட்டி போடும்! இலையும் தண்டும் சேருகிற தொப்புளில் சின்னச் செடி முளைத்து வேரும் விடும். அந்த இலையைக் காம்போடு கிள்ளி ஈரமண்ணில் பதித்துவிட்டால் தீர்ந்தது வேலை. என் பெண் சின்னவளாக இருந்தபோது இதைத்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிரித்து நடுவது ஒரு புறம் இருக்க, இலை கழிப்பது வாராவாரம் நடக்கவேண்டிய வேலை. தண்ணீரின் மேற்பரப்பில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இலை மூடக்கூடாது. பக்கத்து வீட்டு அல்லித் தொட்டியில் ஒரு நாள் விடியற்காலை அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று ஒரே சண்டை. கொட்டினவர் யாருமில்லை. வெயிலில் பிராணவாயுவைக் கொடுக்கிற செடி ராத்திரியில் தானும் அதை எடுத்துக்கொள்கிறது. அடியில் அழுகும் இலையும் எடுத்துக்கொள்கிறது. மேலே ஒரு விரல்கடை இடமில்லாமல் இலை மூடிக்கிடந்தால் காற்றும் தண்ணீரில் கலப்பதில்லை. ஆகவேதான் மீன் சாவது எப்போதும் விடியற்காலையில். மஞ்சளான இலைகளைக் கிள்ளிக்கொண்டே வந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது கொசு. பிரித்து நட்டதும் ஒரு தொட்டி ஐந்து தொட்டியாகிறது, இலை பரவாத வெறும் தண்ணீர், மீனும் இல்லை. டெங்கு பரப்புகிற கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது சாக்கடையைத் தேடிப் போகிற கொசு அல்ல, வீட்டில் தேங்கின நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கிற கொசு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நட்ட மறுநாளே ஒவ்வொரு தொட்டியிலும் நாலைந்து கப்பி மீன் விட்டுவிடுங்கள், புழுவை எல்லாம் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து மீனை விடுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் அந்த முட்டை உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே பிரிப்பதற்காகத் தொட்டியைக் காலி செய்கிற அன்று தேங்காய்நார் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவியே தீரவேண்டும்.

நடக்கப் பழகுகிற குழந்தை உள்ள வீடென்றால் தொட்டிமேல் கனமான கம்பி வலை போட்டுக் கட்டுங்கள். அரை அடித் தண்ணீர்தானே என்று இருக்கவேண்டாம். குழந்தை தலைகுப்புற விழுந்தால் அதுவே போதும், சத்தம்கூடக் கேட்காது. பூ கொஞ்சம் வலையில் மாட்டிக் கிழிந்தால் கிழியட்டும்.

மிஞ்சுகிற கிழங்கைச் சமைக்கலாம் என்று முன்னே சொன்னேன். அது நம் வீட்டுத் தொட்டியில், நல்ல தண்ணீரில் வளர்ந்ததாக இருந்தால் மட்டும். ஊர்ச் சாக்கடை கலக்கிற குளத்துக் கிழங்கு வேண்டாம். தோல் சீவி, துவாரங்களில் சேறு போக அலம்பி, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும். பச்சையாகக் கடிக்கவே கூடாது. பருத்த கிழங்கு கூட்டுக்கு அருமை.

சமைக்க முடியாத ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் உறை காலியாகக் கிடந்த 2022-இல், ஆறுதலுக்கென்று ஒரு சிநேகிதி ஊதாப் பூப் பூக்கிற மிதக்கும் செடி ஒன்றைக் கொடுத்தார். தண்டு நடுவில் வெங்காயம் மாதிரி உப்பியிருந்தது. பூவும் அழகோ அழகு. பத்துப் பதினைந்து நாளில் இரண்டு மடங்காயிற்று, அடுத்த பதினைந்து நாளில் உறையையே மூடிவிட்டது. வெங்காயத் தாமரை! பேப்பரில் ஆகாயத்தாமரை என்று எழுதுகிறார்களே, அதுதான். தென்னமெரிக்காவில் அமேசான் பக்கத்துச் செடி. இதையும் அழகுக்காகத்தான் யாரோ ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆறு, குளங்களை அடைத்து, வங்காளத்தில் இதை ஒழிக்கவே 1936-இல் தனியாகச் சட்டம் போடவேண்டி வந்தது. 1980-களில் இதைத் தின்கிற வண்டுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து பெங்களூர் ஏரிகளில் விட்டுப் பார்த்தார்கள். இன்னமும் நம் வாய்க்கால்களில் அதுதான் ராஜா. உங்கள் தொட்டியில் அதிகமாகிவிட்டது என்று அள்ளிக்கொண்டு போய் வாய்க்காலிலோ குளத்திலோ போட்டுவிடாதீர்கள். ஒரு செடி போதும். நான் மொத்தத்தையும் மொட்டைமாடியில் பரப்பி, மொறுமொறுவென்று காயவிட்டு, பிறகு எருக்குழியில் போட்டேன். நாலு மாதம் கழித்தும் உறையில் ஒரு துணுக்கு முளைத்தது, அதையும் எடுத்தேன். கொடுத்த சிநேகிதியிடம் சொல்லவில்லை, மனசு வருத்தப்படுவார்.

2023 மாசியில் பெரியவர் சொன்னபடி பிரித்தேன் என்றேனே, பதினாலு மூக்கில் இரண்டை உறையில் வைத்தேன். நான்கை டப்புகளில் நட்டேன். பன்னிரண்டாம் நாள் முதல் இலை தண்ணீரைத் தொட்டது. பங்குனிக் கடைசியில் இலைகள் நிமிர்ந்து நின்றன. பழையபடி தோசைக்கல் அகலம். வைகாசியில் ஒரு நாள் காலை, காபி டம்ளரோடு போன அத்தை திரும்பி வரவே இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். உறையில் ஒரு மொட்டு, விரல் நீளம்.

"எங்க ஊர்ல இதை விடப் பெரிசா இருக்கும்" என்றார்.

பூ விரிந்து நான்கு நாள் இருந்தது. காலையில் திறக்கும், மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும், நான்காம் நாள் இதழ் உதிர்ந்தது. பறிக்கவேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் மொத்தம் பதினொரு பூ.

பிரித்த அன்று மிஞ்சின மூக்குகளில் இரண்டு திருச்சியில் இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்கு, அதே மாதிரி ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் போயின. நான்கு அக்கம்பக்கத்துக்கு. கடைசி இரண்டை, நான் கேட்காமலே, அத்தை வாழையிலையில் பொதிந்து வெள்ளிக்கிழமை கோயில் வாசலுக்கு எடுத்துப்போய் அந்தப் பெரியவர் கையில் கொடுத்திருக்கிறார், அவருடைய குளத்தில் ஓர் ஓரமாக நடச் சொல்லி. மறுவருஷம் அவர் கூடையில் நம் வீட்டுப் பூவின் ஜாடையில் ஒன்று இருந்தால் அத்தை விலை பேசாமல் வாங்கிவிடுவார். எல்லாத் தாமரையும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. அவருக்குத் தெரிகிறதாம்.